ஓட்டுநரில்லா வண்டி வருமுன் கடைத்தெருவை அளப்பது எப்படி?

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பகுதியில் 2020 முதல் வேமோ நிறுவனத்தின் டாக்சிகள் ஓட்டுநர் இல்லாமலே பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன. இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று 2017இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அனுமதி என்றைக்கு வந்தாலும் வரட்டும். செங்கோட்டை, தென்காசி போன்ற கேரள எல்லையோர ஊர்கள் தெருவை இப்போதே அளந்து வைப்பது நல்லது.

இந்த வண்டி ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்குத் தேவை பார்க்கிங் அல்ல, ஏறி இறங்க ஓர் இடம். ஒரு கார் 3 மணி நேரம் அடைத்துக்கொள்ளும் இடத்தில், வண்டிக்கு 2 நிமிடம் என்றால் மணிக்கு 30 வண்டிகள் வந்து போகலாம். தாமதங்களைக் கழித்து 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 20 மீட்டருக்கு ஓரிடமாகத் தெருவின் அகலத்தை டேப்பால் அளக்க வேண்டும். கடைப்படி, மின்கம்பம், சாக்கடை மூடி போக மிஞ்சுவதே கணக்கு. சந்தை நாளில் ஒரு முறை, சாதாரண நாளில் ஒரு முறை, அரை மணிக்கொரு தடவை நடந்து, நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு எண்களைக் குறியுங்கள். நாள் முழுக்க நிற்கும் கடைக்காரர் வண்டி எது, வந்து போகும் வாடிக்கையாளர் வண்டி எது என்று அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் சண்டையே அங்கேதான்.

பிறகு முச்சந்தியிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, 2.5 மீட்டர் அகலம், வண்டிக்கு 7 மீட்டர் நீளம் என ஏறி இறங்கும் இடத்தைக் கோடு போடுங்கள். பலகையில் தமிழோடு மலையாளமும் இருக்கட்டும். மிச்சமாகும் ஓரத்தை உடனே 1.8 மீட்டர் நடைபாதையாக்கிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பார்க்கிங் கட்டணம் கொடுப்பதைவிடச் சுற்றி வருவது மலிவாக இருந்தால், காலி வண்டிகள் தெருவை நிறைத்துவிடும். அவை காத்திருக்க ஊருக்கு வெளியே மைதானம் வேண்டும். புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரிகள் போகும் 744ஆம் தேசிய நெடுஞ்சாலையோரம் வேண்டாம்.

சாரல் காலம்தான் பெரிய சோதனை. வண்டி தூரத்தை அளக்கப் பயன்படுத்தும் லைடார் கருவியின் ஒளியை மழைத்துளி சிதறடிக்கும், ஈரச்சாலையின் பளபளப்பில் கேமராவுக்குக் கோடு தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிமணி கலந்து, உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் கோடு உதவும். ஆனால் தண்ணீர் தேங்கும் தெருவில் எந்தக் கோடும் பயன்படாது. சாக்கடையை முதலில் சரிசெய்யுங்கள்.

வழியில் குழம்பினால் இந்த வண்டி நடுத்தெருவிலேயே நின்றுவிடும். சான்பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறை 2023இல் இதைப் பற்றித்தான் புகார் சொன்னது. தேரோட்டத்துக்கு மூடும் தெருக்கள், நேரம், மாற்றுவழி ஆகியவற்றை நகராட்சி ஒரு மாதம் முன்பே பட்டியலிட்டு வெளியிட்டால், இன்றைய ஆம்புலன்ஸுக்கும் அது வழிகாட்டும்.