சிவில் வார் 2 கேம்ல கன்போட் வெச்சு ஆத்தைப் பிடிக்கிறது எப்படி? புதுசா ஆடுறவங்களுக்கு

ஏஜியாட் கம்பெனிக்காரங்க 2013ல விட்ட சிவில் வார் 2, அமெரிக்க உள்நாட்டுப் போரை வெச்சு டர்ன் டர்னா ஆடுற கேம். இதைப் புதுசா ஆடுறவங்க முக்கால்வாசிப் பேர் யூனியன் (வடக்கு) சைடு எடுத்துட்டு, வர்ற காசையெல்லாம் காலாட்படைக்கே கொட்டிட்டு கன்போட்டை (பீரங்கி வெச்ச ஆத்துக் கப்பல்) எங்கயோ ஓரமா நிறுத்திடுறாங்க. மேற்குப் பக்கம் ஜெயிக்கிறதும் தோக்கறதும் ஆத்துலதாங்க. கன்போட்டோட முதல் வேலை கோட்டையை உடைக்கிறது இல்ல, தண்ணியில நின்னு எதிரியைக் கடக்க விடாம பண்றதுதான். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு கீழ வாங்க.

மொதல்ல மேப்பை நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. மிசிசிப்பி, ஒஹையோ, டென்னசி, கம்பர்லாண்ட் மாதிரி பெரிய ஆறெல்லாம் வெறும் கோடு இல்ல, தரை மாதிரியே தனித்தனி ரீஜனா (மேப்ல ஒரு துண்டு இடம்) பிரிஞ்சிருக்கும், அதுக்குள்ளதான் கப்பல் நிக்கும். சின்ன ஆறு ரெண்டு ரீஜனுக்கு நடுவுல கோடா மட்டும் ஓடும், அதுல கப்பலுக்கு வேலையே இல்ல.

அடுத்தது, சிதறிக் கிடக்கிற கன்போட்டையெல்லாம் கெய்ரோவுக்குக் கொண்டு வந்து ஒரே ஸ்டாக்கா (ஒண்ணா நகர்ற கூட்டமா) சேருங்க. இல்லினாய்ஸ்ல இருக்கிற கெய்ரோ, ஒஹையோ ஆறு மிசிசிப்பில கலக்கற இடம். அங்கருந்து ஒஹையோவுல கொஞ்சம் மேல போனா படூக்கா, டென்னசி ஆறு வந்து சேர்றது அங்க. அதையும் தாண்டினா ஸ்மித்லாண்ட், அங்க கம்பர்லாண்ட் சேருது. தெற்குக்குள்ள போற மூணு தண்ணி வழிக்கும் வாசல் இந்த ஒரு சின்ன வட்டாரத்துலயே இருக்கு. 1861 செப்டம்பர் 6ஆம் தேதி யூனியன் ஜெனரல் கிராண்ட் அவசர அவசரமா படூக்காவைப் பிடிச்சது இதுக்காகத்தான். டிரான்ஸ்போர்ட் கப்பலை இந்த ஸ்டாக்கோட கலக்காதீங்க, சண்டை வந்தா அதுங்கதான் மொதல்ல அடி வாங்கும்.

இப்போ போஸ்சர், அதாவது ஸ்டாக் எப்படி நடந்துக்கணும்னு நாம வைக்கிற செட்டிங். எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆத்தை மறிக்கணும்னா ஸ்டாக் டிஃபென்சிவ்லயோ ஆஃபென்சிவ்லயோ இருக்கணும், பாசிவ்ல (சண்டையைத் தவிர்க்கிற நிலை) இருந்தா கப்பல் இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் ஒரு தடவை ரிப்பேருக்காக பாசிவ்ல போட்டுட்டு திரும்ப மாத்தவே மறந்துட்டேன், ரெண்டே டர்ன்ல கான்ஃபெடரேட் (தெற்கு) படை ஒஹையோவைத் தாண்டி இந்த கரைக்கு வந்துடுச்சு, ஒரு டர்ன்னா 15 நாள் வேற, நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள சப்ளை டிப்போ போயிடுச்சு. அதுலருந்து டர்ன் முடிக்கற பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டாக்கையும் கிளிக் பண்ணிப் பார்க்காம விடறதில்ல. ஒத்தைக் கப்பலை நிறுத்திட்டு மறிச்சாச்சுன்னு நினைக்காதீங்க, ஒரு இடத்துக்கு நாலு சண்டைக் கப்பலுக்குக் குறையாம வைங்க. பத்து இடத்துல ஒவ்வொண்ணா நிறுத்தறதை விட ரெண்டு இடத்துல கூட்டமா நிறுத்தறது எவ்வளவோ மேல்.

கோட்டை விஷயத்துக்கு வருவோம். கரையில பீரங்கி இருந்தா கடந்து போற கப்பலைப் போட்டு அடிப்பான். கோட்டையை நேருக்கு நேரா மோதலாமான்னு தெரியணும்னா 1862 பிப்ரவரியைப் பாருங்க. 6ஆம் தேதி யூனியன் கடற்படை அதிகாரி ஃபூட்டோட கன்போட்டுங்க தெற்குக்காரங்க கோட்டையான ஃபோர்ட் ஹென்றியை அடிச்சுது, கிராண்ட் படை சேத்துல மாட்டிக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள கோட்டை சரணடைஞ்சாச்சு. ஏன்னா அது தாழ்வான இடம், வெள்ளத் தண்ணி உள்ளயே புகுந்திருந்தது. அங்கருந்து 12 மைல் தள்ளி ஃபோர்ட் டொனல்சன், 14ஆம் தேதி அதே ஃபூட் அங்க போய் அடி வாங்கிக்கிட்டு காயத்தோட திரும்பினார். அந்தக் கோட்டை மேட்டு மேல இருந்தது, குண்டு மேலருந்து இறங்குச்சு, கப்பலுக்கு முன்பக்கமும் பக்கவாட்டுலயும்தான் இரும்பு, மேல்தளத்துல கவசமே இல்ல. கடைசில 16ஆம் தேதி தரைப்படை சுத்தி வளைச்சுத்தான் அதைப் பிடிச்சுது. கேம்லயும் அதே வழியில போங்க: படையை ஆத்து டிரான்ஸ்போர்ட்ல ஏத்தி கோட்டைக்குப் பக்கத்து ரீஜன்ல இறக்குங்க, கன்போட் தண்ணிப் பக்கத்தை அடைச்சுக்கட்டும். துறைமுகம் திறந்திருந்தா உள்ள சப்ளை வந்துக்கிட்டே இருக்கும், முற்றுகை முடியவே முடியாது.

சில நேரம் அடி வாங்கினாலும் பரவால்லன்னு தாண்டித்தான் ஆகணும். 1863 ஏப்ரல் 16 ராத்திரி யூனியன் கடற்படை அதிகாரி போர்ட்டர், மிசிசிப்பி கரையில தெற்குக்காரங்க கோட்டை நகரமான விக்ஸ்பர்க்கோட பீரங்கிகளுக்குக் கீழயே கப்பலை ஓட்டிட்டுப் போனார், ஒரு டிரான்ஸ்போர்ட்தான் போச்சு. அந்தக் கப்பலுங்க ஆத்தோட கீழ்ப்பக்கம் வந்ததாலதான் ஏப்ரல் 30ல கிராண்ட் புரூயின்ஸ்பர்க்ல ஆத்தைக் கடக்க முடிஞ்சுது, ஜூலை 4ல விக்ஸ்பர்க்கும் விழுந்துச்சு. நீங்க தாண்டினாலும் கீழ்ப்பக்கம் ஒரு காரியம் இருந்தாத்தான் தாண்டுங்க, சும்மா போய் நின்னீங்கன்னா ரிப்பேர் பண்ண துறைமுகம் இல்லாம கப்பல் தேஞ்சுடும்.

தண்ணியில நின்னுக்கிட்டே இருந்தா கொஹீஷன் (படையோட ஒழுங்கும் தெம்பும்) இறங்கும், அதனால ரெண்டு ஸ்டாக்கா பிரிச்சு ஒண்ணு கெய்ரோவுல ரிப்பேர்ல இருக்கும்போது இன்னொண்ணு காவல்ல இருக்கற மாதிரி மாத்தி மாத்தி விடுங்க. காவலுக்கு வர்ற ஸ்டாக் வந்து சேர்ந்தப்புறம் மத்ததைக் கிளப்புங்க, ஏன்னா ரெண்டு பக்க மூவும் ஒரே நேரத்துல ஓடும், நடுவுல ரெண்டு நாள் ஆறு காலியா இருந்தாலும் எதிரி கடந்துடுவான்.