நிர்வாகி யார்? பயனர் வகைகளுக்குப் பெயர் வைக்கும்போது

"இதை நிறுவ உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள்." ஒரு மென்பொருளைத் தமிழாக்கியபோது நான் எழுதிய வரி இது. அதைப் படித்த சித்தி போன் செய்தார்: "நிர்வாகின்னா யாருப்பா? இந்தக் கம்ப்யூட்டர்ல நான் மட்டும்தானே இருக்கேன்?"

அதில் இருந்த இரண்டு கணக்குகளுமே அவருடையவை. ஒன்று நிர்வாகிக் கணக்கு, இன்னொன்று அன்றாட வேலைக்கு. "நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து பெயர் தேடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த இடத்தில் பேசுவது ஆளைப் பற்றியா, கணக்கைப் பற்றியா, அனுமதியைப் பற்றியா? விண்டோஸில் நிர்வாகிக் கணக்கில் நுழைந்தவருக்கும் "நிர்வாகியாக இயக்கு" என்ற தேர்வு வரும். விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பின் காலத்திலிருந்து அந்தக் கணக்கிலும் நிரல்கள் சாதாரண அனுமதியோடுதான் தொடங்குகின்றன. ஆகவே "நிர்வாகி அனுமதியுடன் இயக்கு" என்பதே சரி.

'பயனாளி' வேண்டாம், அது உதவித்தொகை பெறுபவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 'பயனர்' போதும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'அர்' விகுதி வந்தாலே தமிழில் உயர்திணை. லினக்ஸ் இயங்குதளத்தில் 'நோபடி', 'டீமன்' போன்றவை ஆட்கள் அல்ல, பின்னணி நிரல்கள் ஓடுவதற்கான கணக்குகள். "டீமன் பயனர் கோப்பைத் திறந்தார்" என்று பதிவேட்டில் வந்தால், யாரோ உள்ளே புகுந்துவிட்டார் என்றுதான் படிப்பவர் பதறுவார். அங்கே 'அமைப்புக் கணக்கு' என்று எழுதி, வினையையும் அஃறிணையில் முடியுங்கள்.

லினக்ஸில் வரும் 'ரூட்'டை 'வேர்' ஆக்காதீர்கள். ரூட் கணக்கு, ரூட் அடைவு (எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே உள்ள கோப்புறை), ரூட் கணக்குக்கான வீட்டு அடைவு என்று மூன்று இருக்கின்றன. ஆவணத்தில் தேடுபவரும் 'ரூட்' என்றே தேடுவார். முதல் முறை வரும்போது மட்டும் "எல்லா அனுமதியும் உள்ள, பயனர் எண் 0 கொண்ட கணக்கு" என்று விளக்கிவிடுங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் பார்ப்பது பெயரை அல்ல, அந்த 0-ஐத்தான்.

'விருந்தினர்' நல்ல சொல், மாற்றத் தேவையில்லை. மேக்கில் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறினால் கோப்புகள் அழிந்துவிடும் என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தேர்ந்த சொல்லைப் பட்டியலில் வைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பிழைச்செய்தியில் பொருத்தி, 'ஐ', 'க்கு', 'இன்' சேர்த்து, கணினி வேலை தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.