கொங்கு நாட்டில் ஒரு பவளத்தொட்டி: சிக்கனம் தவறாகும் இடங்கள்

கோவை, திருப்பூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். அது சிறுவாணியோ பில்லூரோ தருவது. மற்றதில் வருவது போர்த் தண்ணீர். அதற்கு வீட்டில் வழங்கும் பெயர் உப்புத் தண்ணீர். கடல்மீனோடு பவளமும் வளர்க்கும் பவளத்தொட்டி வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மாமனார் அந்த இரண்டாவது குழாயைக் காட்டி, "உப்புத் தண்ணிதான் நம்ம ஊட்டுலயே வருதுங்களே மாப்பிள்ளை, அப்புறம் என்ன?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் குறைந்த செலவில் முதல் பவளத்தொட்டி வைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவையே. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் நன்னீர்த் தொட்டியில் ஓரளவு செல்லும். பவளத்தொட்டியில் தண்ணீரிலும் வெப்பத்திலும் அது செல்லாது. பிற செலவுகளில் தாராளமாகக் கையை இறுக்கிக்கொள்ளலாம்.

போர்த் தண்ணீரின் உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. நிலத்தடி நீரில் நைட்ரேட், சிலிகேட், சில இடங்களில் உலோகங்களும் கரைந்திருக்கும். இவற்றுள் முதல் இரண்டும் பாசிக்கு உணவாகும். சிறுவாணித் தண்ணீர் சுவைக்குப் பெயர் பெற்றது, கரைந்த பொருட்களும் அதில் குறைவு; ஆனால் குளோரின் கலக்காமல் எந்தக் குடிநீரும் குழாய்க்கு வருவதில்லை. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி என்று முடிவு செய்து, சமையலறையில் மாட்டியிருக்கும் கருவியிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். அடுத்த தவறு அங்கே நடக்கிறது. குடிப்பதற்குச் சுவை வேண்டுமென்பதால், அந்தக் கருவியில் சுத்திகரிக்காத தண்ணீரைச் சிறிதளவு திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (கரைந்த பொருட்களின் அளவு) திருகு ஒன்றோ, தாதுக்களைச் சேர்க்கும் உருளை ஒன்றோ இருக்கும். இப்போது விற்கும் சில கருவிகள் செம்புச் சத்தைச் சேர்ப்பதையே பெருமையாக விளம்பரம் செய்கின்றன. செம்பு மனிதருக்கு நல்லதோ என்னவோ, இறால், நத்தை, பவளம் ஆகியவற்றுக்கு அது நஞ்சு. இதே காரணத்தால் ஆர்.ஓ. தண்ணீரைச் செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடித்து வைப்பதும் கூடாது. சவ்வைத் தாண்டி வரும் தண்ணீரை, எதையும் சேர்ப்பதற்கு முன்பே தனிக் குழாயில் பிரித்தெடுத்து, அயனி நீக்கும் பிசின் நிரப்பிய டி.ஐ. உருளை ஒன்றின் வழியாகச் செலுத்தினால், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும். அந்த உருளைக்குச் செய்யும் செலவு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் கடல் சில மணி நேரத் தொலைவுதானே, நாலு கேன் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டால் உப்பு வாங்கும் செலவு மிச்சமாகுமே என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். கரையோரத் தண்ணீரில் ஆற்று நீரும் கழிவும் படகு எண்ணெயும் கலந்திருக்கும். பெட்ரோல் செலவைச் சேர்த்தால் கணக்கும் உதைக்கும். உண்மையில் உப்பு அவ்வளவு செலவு வைப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 36 கிராம் கடல்தொட்டி உப்பு தேவை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போக 45 லிட்டர் நிற்கும். வாரத்துக்கு 5 லிட்டர் மாற்றினால் 180 கிராம், அதாவது மாதத்துக்கு ஒரு கிலோவைக்கூட எட்டாது. இதை மிச்சம் பிடிக்கச் சமையல் உப்பையோ கல்லுப்பையோ போடுவது, பவளம் தன் உடலைக் கட்டத் தேவையான கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு வெறும் சோடியம் குளோரைடைக் கொடுப்பதாகும்.

உப்பைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டக் கூடாது. தனி வாளியில் தண்ணீரை நிரப்பி, சிறிய மோட்டாரை ஓடவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவவேண்டும். முதலில் கழுநீர் போலக் கலங்கும். சில மணி நேரத்தில் வாளியின் அடி தெளிவாகத் தெரியும். ஓர் இரவு ஓடியபின் அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். அளவு ஆயிரத்துக்கு 35, அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.025 அல்லது 1.026. அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும்போது, கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் வகையை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் செய்யும் தவறு காசோடு போவதில்லை. கடலிலிருந்து உயிர்களோடு பெயர்த்தெடுத்த பவளக்கல்லான "லைவ் ராக்" மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் அவை புலியோடு ஒரே வரிசையில் நிற்பவை. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, கடல்குதிரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உயிருள்ளது, இறந்தது என்ற வேறுபாடும் இங்கே உதவாது. ராமேசுவரம் போய்வரும்போது பையில் போட்டுக்கொண்டு வரும் வெள்ளைப் பவளத்துண்டும் அதே பவளம்தான். மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் அங்குள்ள பவளங்கள் வெளிறின. மிஞ்சியதைப் பெயர்த்துக்கொண்டு வந்து வரவேற்பறையில் வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. முதல் தொட்டிக்குக் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் போதும். அவற்றையும் தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளாக, ரசீதுடன் வாங்கவேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் பேச்சை மாற்றும் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை.

அப்படியானால் கல்லுக்கு என்ன செய்வது? தொட்டிக்கென்றே செய்து விற்கும் பீங்கான் கல்லோ செயற்கை உலர்கல்லோ வாங்கலாம். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு நான் சொன்ன பதில் இது: கல்லின் பயன் அதன் துளைகளில்தான் இருக்கிறது, கழிவை உண்ணும் பாக்டீரியா அவற்றில்தான் குடியேறும், இறுகிய கல்லில் அதற்கு இடமில்லை. சிமெண்டும் கல்லுப்பும் கலந்து வீட்டிலேயே கல் வார்ப்பது உண்மையாகவே மலிவான வழி. உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளையாகும். ஆனால் வார்த்த கல்லை அடுத்த வாரமே தொட்டியில் இறக்கினால் சிமெண்டின் சுண்ணாம்பு தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். மதிப்பைத் தாறுமாறாக ஏற்றிவிடும். பல வாரங்கள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, புதிதாக ஊற்றிய தண்ணீரின் பி.எச். இரண்டு மூன்று நாள் கழித்தும் ஏறாமல் நிற்கும்போதுதான் அந்தக் கல் தயார்.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு முதலில் ஹீட்டர் வாங்குவது நம் ஊருக்குப் பொருந்தாத செலவு. கோவையில் மார்கழி, தை மாத இரவுகளுக்கு மட்டும் சிறியது ஒன்று தேவைப்படலாம். நம்முடைய தொல்லை சித்திரை, வைகாசியில்தான். ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தொட்டி 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. முப்பதைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறத் தொடங்கும். சூடான தண்ணீரில் உயிர்வளியும் குறைவாகவே கரையும் என்பதால் மீனும் மேலே வந்து வாயைத் திறக்கும். இதற்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஒன்றே மருந்து என்பதும் தவறுதான். 200 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அந்த ஒன்றே இலவசமான 100 யூனிட்டைத் தாண்டிவிடும். தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டு வீசும்படி ஒரு சிறிய மின்விசிறியை வைத்து, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டால், வறண்ட காற்றுள்ள நாட்களில் இரண்டு மூன்று டிகிரி குறையும். தொட்டியை மேற்குச் சுவரை ஒட்டியோ மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையிலோ வைக்காதிருந்தால், அதற்குக் காசே செலவில்லை.

விசிறி வைத்தவர்கள் அடுத்துச் செய்யும் பிழை குறைந்த தண்ணீரை நிரப்புவதில் வருகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 45 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மாரியம்மன் நோம்பி என்று மூன்று நாள் போய்விட்டு வந்தால் நாலரை லிட்டர் குறைந்திருக்கும். 35 இருந்த உப்பளவு 39ஐத் தொட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறி உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புபவர்கள் உண்டு. ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர், அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றவேண்டும். மிதவை வால்வு பொருத்திய ஒரு 20 லிட்டர் கேன், ஊருக்குப் போகும் நாட்களில் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

என் முதல் தொட்டியில் நான் செய்த தவறு, பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் தெரியவந்தது. தொட்டியின் கீழே சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டியும், தண்ணீரை மேலே ஏற்ற ஒரு மோட்டாரும் வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனதும் மோட்டார் நின்றது; அதன் குழாயின் வாய் தண்ணீருக்குள் நான்கு அங்குலம் ஆழத்தில் இருந்ததால், மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்ப இறங்கிக்கொண்டே இருந்தது. சம்ப் நிறைந்து வழிந்து, மர அலமாரியின் அடிப்பலகை ஊறி, தண்ணீர் கூடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டிருந்தால் காற்று புகுந்து இறக்கம் நின்றிருக்கும். தொட்டி வைத்த முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு மீன்களைக் காப்பாற்ற, தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் வேவ் மேக்கரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதோ பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை வைத்திருப்பதோ போதும்.

மோட்டார் என்றதும், பம்பு செய்யும் ஊரில் இருந்துகொண்டு மீன்கடையில் போய் மோட்டார் வாங்குவதா என்று தோன்றும். கிணற்றுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் செய்யப்படும் பம்புகளில் இரும்பும் செம்பும் பித்தளையும் தண்ணீரைத் தொடும். கடல் தண்ணீரில் அவை அரித்துக் கரையும். பீங்கான் அச்சும் பிளாஸ்டிக் உடலும் உள்ள சிறிய மோட்டார்தான் இதற்கு ஏற்றது. கண்ணாடித் தொட்டியை உள்ளூரில் ஒட்டிக்கொள்ளலாம், அது நல்ல சிக்கனம். ஒட்டுபவர் குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகோனைப் பயன்படுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாக முடியும் என்று 20 லிட்டர் தொட்டி வேண்டாம், அதில் வெப்பமும் உப்பளவும் மணிக்கொரு விதமாக மாறும். வாசலுக்கு மாட்டும் வெள்ளை ஃபிளட் லைட் பாசியைத்தான் வளர்க்கும். பவளத்துக்கு நீல நிறம் மிகுந்த எல்.இ.டி. விளக்கு வேண்டும். சிறிய தொட்டியில் வாராவாரம் தண்ணீர் மாற்றுபவருக்கு கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் உடனடித் தேவையில்லை.

எல்லாம் வைத்துத் தண்ணீர் தெளிந்ததும் மறுநாளே மீன் விடுவது மிகப் பழைய தவறு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை கல்லில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை சிட்டிகை மீன் உணவைப் போட்டுக்கொண்டு, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆவதைப் பார்க்கவேண்டும். இதற்கிடையில் மணல் மீது பழுப்புப் படலம் படரும், பிறகு பச்சை இழைப்பாசி வரும். பலரும் தொட்டியைக் கலைத்துக் கழுவி மறுபடி தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். கழுவினால் பாக்டீரியாவும் போய், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

முதல் மீனாகக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனங்களை நம் நாட்டிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. கோமாளி மீனுக்குக் கடல்சாமந்தி (அனிமோன்) கட்டாயம் வேண்டும் என்பது தவறான எண்ணம். சாமந்தி இல்லாமலே அது நன்றாக வாழும், சாமந்திதான் புதுத் தொட்டியில் தாங்காது. நீல டாங் மீன் கடையில் விரல் நீளம் இருக்கும், ஆனால் அது ஓரடி வளரும் இனம். புது மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய் பிரதான தொட்டியில் வந்தபின் செம்பு மருந்தை ஊற்றினால், மீன் பிழைத்தாலும் பவளமும் இறாலும் பிழைக்காது.

பொத்தான் பவளம் எனப்படும் சோவாந்தஸ் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை, சுத்தம் செய்வதாக எண்ணி வெந்நீரில் கொதிக்க வைப்பதோ பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடாது. ஆவியும் தெறிப்பும் வீட்டிலிருப்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவும் வேண்டாம். நஞ்சு எதிர்த்திசையிலும் போகும். தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தொட்டியின் காற்று மோட்டாரை வேறு அறைக் காற்றை உறிஞ்சும்படி வையுங்கள். செருகி வைக்கும் கொசு மருந்திலுள்ள பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது; அந்த அறைக்கு ஜன்னல் வலை அடித்துவிடலாம்.