திரிகடுகம் சூரணம்: வீட்டிலேயே இடித்து வைத்துக்கொள்வது எப்படி?

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை. ஆயுர்வேதத்தில் ‘த்ரிகடு’, சித்த மருத்துவத்தில் திரிகடுகம். மூன்றே சரக்குதானே என்று முதல் முறை எல்லாவற்றையும் அப்படியே மிக்ஸியில் கொட்டினேன். முழுச் சுக்கு ஒன்று பிளேடை வளைத்துவிட்டது.

1. சரக்கு வாங்குவது

நாட்டு மருந்துக் கடையில் ‘அரிசித் திப்பிலி’ என்று கேளுங்கள். கண்டந்திப்பிலி என்பது அதே கொடியின் வேர். இதற்கு அது வேண்டாம். மிளகில் ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும். திப்பிலியை ஒடித்துப் பார்த்து, பூசண வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. சுக்கைத் தோல் சீவுவது

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்பார்கள். புறணி என்பது வெளித்தோல், அகணி என்பது உள்ளிருக்கும் கொட்டை. மடிப்புகளில் மண்ணும், சில சமயம் வியாபாரிகள் பூசிய சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். சிறு கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எடுங்கள். சீவிய பிறகுதான் எடை போட வேண்டும்; இல்லாவிட்டால் சுக்கு குறைந்துபோகும். ஒவ்வொன்றிலும் 50 கிராம் போதும்.

பச்சை இஞ்சியையே காயவைக்காமல் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருள். காயும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. இதற்குக் காரம் இன்னும் அதிகம். ‘ஷோகா’ என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. ஆக, சுக்கு வெறும் காய்ந்த இஞ்சி அல்ல, சரக்கே வேறு.

3. காயவைத்து இடிப்பது

மூன்றையும் உடைக்காமல் முழுதாகவே ஒரு நாள் வெயிலில் காட்டுங்கள். சுக்கை இரும்பு உரலில் நசுக்கிய பிறகே மிக்ஸிக்குக் கொண்டுபோக வேண்டும். விட்டு விட்டு அரையுங்கள். ஜாடி சூடானால் வாசனை பறந்துவிடும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். துணியில் தங்கும் சுக்கு நாரை ரசத்தில் போட்டுவிடலாம்.

4. சேமிப்பது

காற்றுப் புகாத, நிறமுள்ள கண்ணாடிப் புட்டி. மிளகு, திப்பிலி இரண்டின் காரமும் பைப்பரின்தான். வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறு வடிவம் மாறிக் காரம் மழுங்கும். 1819-இல் இதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தவர் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட். மறு ஆண்டே மின்சாரம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டவரும் அவரேதான்.

5. சாப்பிடுவது

கால் தேக்கரண்டியைத் தேனில் குழைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு. பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதிக்கவைத்து வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்; எனவே பொடியாகவே விழுங்குங்கள்.

மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது. 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடலுக்குக் கிடைத்த குர்குமின் பல மடங்கு கூடியது. இதே குணம் வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் போன்ற மாத்திரைகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.