இட்டேரியில் பறவைப் படம்: பங்குனி, சித்திரைக்கு ஒரு செய்முறை

கேமரா வாங்கின கையோடு ஆனைமலைக் காட்டு டாப்சிலிப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். அது புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. அங்கே கை பழகாது. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தையும், 2024-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்தையும் மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலசை வாத்துகளில் பெரும்பாலானவை பங்குனிக்குள் வடக்கே திரும்பிவிடும். இந்தப் பருவத்துக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) இட்டேரியும் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் தடம்) தான் சரி.

1. முதலில் கேளுங்கள். கொறங்காடு ஒருத்தருடைய மேய்ச்சல் நிலம். "ஏனுங்ணா, குருவி படம் புடிச்சுக்கலாமுங்களா?" என்றால் போதும். எந்த வெள்வேல மரத்தில் ஆந்தை அடைகிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். திறந்த படலை, அதாவது வேலிக்கதவை, மறக்காமல் சாத்துங்கள்.

2. விடிந்ததும் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பும். எத்தனை விலை லென்ஸானாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் விழும். வெயில் உங்கள் முதுகில் படட்டும்.

3. செட்டிங். 300 மி.மீ. ஜூம் போதும். ஷட்டர் 1/1000 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஆட்டோ, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அதுவும் கண்மேல். வானத்தை ஒட்டி உட்கார்ந்த கரிச்சானுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, +1 ஏற்றுங்கள், இல்லையென்றால் வெறும் கரிதான். வெயிலில் நிற்கும் கொக்குக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

4. பஞ்சுருட்டானில் தொடங்குங்கள். கிளுவை வேலியில் துருத்திய காய்ந்த குச்சியில் பச்சைப் பஞ்சுருட்டான் உட்காரும். பறந்துபோய்த் தேனீயைப் பிடித்து, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். துரத்தாதீர்கள். குச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள். வந்ததும் தேனீயைக் குச்சியில் மாறி மாறி அடிக்கும், தேய்க்கும். கொடுக்கை எடுக்கிற வேலை அது. அந்தச் சில நொடிகள்தான் உங்களுக்கு. விடாமல் அமுக்குங்கள், நிறையப் படம் வீணாகும், பரவாயில்லை.

5. அடுத்து பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். நீலமெல்லாம் இறக்கையை விரித்தால்தான். ஷட்டரை 1/2000 ஆக்குங்கள். பறவை எதிர்காற்றில்தான் கிளம்பும், அதனால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி நின்றால் முகம் கிடைக்கும். காற்றும் வெயிலும் ஒரே பக்கம் அமைவது அதிர்ஷ்டம்.

6. ஆள்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேலே பாய்ந்தால் அங்கேயே நில்லுங்கள். முட்டை வெறுந்தரையில், கூழாங்கல் நிறத்தில் கிடக்கும், மிதித்தாலும் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்புங்கள். கூட்டுப் படம் எடுக்காதீர்கள். யாராவது போட்டால் நான் லைக் கூடப் போடுவதில்லை.

போன் மட்டும்தானா? வேலிக்கல்லில் தலை சிவந்து நிற்கும் ஆண் ஓணானை எடுங்கள். நேராகப் போகாமல், குனிந்து, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துப் போனால் பெரும்பாலும் ஓடாது. டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள்.