மாநகராட்சிப் பள்ளிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகும் பி.எட். மாணவர்களுக்கு

பி.எட். படிப்பு 2015-இல் இரண்டு ஆண்டாக ஆனபோது, பள்ளியில் பயிற்சி பெறும் காலமும் 20 வாரமாக நீண்டது. அதில் பெரும்பகுதி பாடக்குறிப்பு எழுதுவதிலும் சார்ட் ஒட்டுவதிலும் போய்விடுகிறது. அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நான்கு வரியைக் கோவையாக வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் பலன் தெரியும். ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் போதும். ஐந்தாவது பிள்ளை வந்தால் யாராவது ஒருவர் வாசிக்காமலே எழுந்து போய்விடுவார்.

முதலில் அனுமதி. மாணவர்களின் பெயர், வரும் நாட்கள், நேரம், எந்த மாதம் வரை என்பதெல்லாம் எழுதிய கல்லூரி முதல்வரின் கடிதத்தை வைத்து மாநகராட்சிக் கல்வித் துறையிடம் அனுமதி வாங்குங்கள். அதன் பிறகு எச்.எம்.மைப் பாருங்கள். எல்லோரையும்விட முக்கியமானவர் வகுப்பாசிரியர். அவரைக் கேட்காமல் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப் போகாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

எந்த நேரம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். விளையாட்டுப் பீரியடில் பிடித்து உட்கார வைத்தால் பிள்ளை உங்களை வெறுக்கும். மாலை நான்கு மணிக்குமேல் என்றால் தம்பி தங்கையைக் கூட்டிப் போக வேண்டிய பிள்ளை வராது, அந்தப் பிள்ளைக்குத்தான் நீங்கள் அதிகம் தேவைப்படுவீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் முதல் மணிக்கு முன்பே பள்ளியில் இருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும்வரை கிடைக்கும் நேரத்தை எச்.எம்.மிடம் கேளுங்கள். பசி அடங்கிய பிள்ளை நன்றாக உட்காரும்.

முதல் நாளில் பாடம் வேண்டாம், நிலை பாருங்கள். நான்கு அட்டை தயார் செய்துகொள்ளுங்கள்: ஐந்து எழுத்து, ஐந்து சொல், நான்கு எளிய வாக்கியம், பத்து வரிக் கதை. வாக்கிய அட்டையில் தொடங்கி, சரளமாக வந்தால் கதைக்கும், திணறினால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் போங்கள். ஐந்தில் நான்கு சரியானால் அந்த நிலை கைவந்தது என்று கொள்ளலாம். பாடப்புத்தகத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பல பிள்ளைகள் அந்தப் பக்கங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சந்தேகம் வந்தால் வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தால் அது வாசிப்பு இல்லை.

பிறகு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டத் தேவையில்லை. அகரம், ஆகாரம், புள்ளி எழுத்து இந்த மூன்றை வைத்தே படம், பாடம், மரம், மாதம் என்று நாலைந்து நாளுக்குச் சொற்கள் கிடைக்கும். அடுத்து இகர, ஈகாரம். உகரத்தில் கு, சு, து, பு என ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு விதியாகச் சொல்லித்தர முடியாது. தள்ளிப் போடவும் முடியாது, ஏனென்றால் உகரம் இல்லாமல் நாலு வாக்கியம் சேராது. நாளுக்கு நான்காகக் கொடுங்கள்.

பெரும் தடை கொம்பு எழுத்துகளில். 'கொடு' என்று எழுதிக் காட்டினால் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, துணைக்காலை 'ர' என்று நினைத்துத் தடுமாறும். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஒலி பிறப்பதோ மெய்யில். அதனால் மூன்று துண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லி, வட்டத்துக்கு ஒரே ஒலி என்று பழக்குங்கள். பிறகு கெடு–கொடு, செல்–சொல், தேள்–தோள் என்று இணை இணையாக வாசிக்கக் கொடுங்கள். பொருள் மாறுவதைப் பிள்ளை தானே கவனித்துச் சிரிக்கும்போது அந்த எழுத்து பதிந்துவிட்டது.

பிள்ளை தடுமாறும்போது உடனே சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்தில்தான் படிப்பு நடக்கிறது. 'பழம்' என்பதை 'பளம்' என்றால் வாசிக்கும்போது நிறுத்த வேண்டாம், சொல்வதெழுதலில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு எழுத்துக்கு முன் படத்தைக் காட்டிச் சொல்லைப் பழக்குங்கள். தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி எந்தப் பயனும் இல்லை.

பெரிய பிள்ளையிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கூட்டாளிகள் பார்த்தால் மறுநாள் வரமாட்டான். பேருந்து வழித்தடப் பலகை, கிரிக்கெட் செய்தி, ரேஷன் கடை அறிவிப்பு ஆகியவற்றிலிருந்து அவன் நிலைக்கேற்ற வரிகளை நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

கணக்குக்கு நூறு ஐஸ்குச்சியும் பத்து ரப்பர் பேண்டும் போதும். 52-இல் 27 போக 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று சொன்னதை நம்பி 7-இலிருந்து 2-ஐக் கழிக்கிறது. பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து ஏழு கேளுங்கள். கொடுக்க முடியாமல் விழித்து, தானே ஒரு கட்டை அவிழ்க்கட்டும். இப்போது உதிரி பன்னிரண்டு, ஏழு போக ஐந்து. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. கட்டை நீங்கள் அவிழ்த்துக் காட்டினால் வேடிக்கையாகிவிடும். ஒவ்வொரு தடவை அவிழ்த்ததும் நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வையுங்கள், இல்லாவிட்டால் குச்சி வேறு கணக்கு வேறு என்று நின்றுவிடும். 'நூற்று ஒன்பது' சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1009 வந்தால் கழித்தலை நிறுத்திவிட்டு இடமதிப்புக்குத் திரும்புங்கள்.

சாக்லேட் வேண்டாம். பிள்ளைகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். கதவு திறந்த அறையில், பிறர் கண்ணில் படும்படி உட்காருங்கள். உடம்பில் காயமோ, பயமோ தெரிந்தால் துருவித் துருவிக் கேட்காமல் அன்றே எச்.எம்.மிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம்: தேதி, வாசித்தது, தடுக்கிய எழுத்து, நாளை என்ன. உங்கள் தேர்வு வாரத்தை முன்கூட்டியே காலண்டரில் காட்டிச் சொல்லுங்கள்; சொல்லாமல் நின்றவரை அந்தப் பிள்ளைகள் மறப்பதில்லை. பயிற்சி முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே நிலை அட்டையை மறுபடி வைத்துப் பார்த்து, அந்த நோட்டுடன் வகுப்பாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படையுங்கள்.