மீன் அமிலம் முதல்முறை தெளிக்கிறீர்களா? நாலு செடியைச் சும்மா விடுங்கள்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் 40 கத்திரிச் செடி நிற்கிறது. இலவம்பாடி முள்ளு கத்திரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். போன சித்திரையில் இலையெல்லாம் வெளுத்துப்போக, யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து மீன் அமிலம், அதாவது மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்து எடுக்கும் தழைச்சத்துக் கரைசல், போட்டேன். அதுவரை பசுஞ்சாணமும் புண்ணாக்கும் தவிர வேறொன்றும் நாங்கள் தொட்டதில்லை. செய்த தவறுகளைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க.

தயாரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. மீன் கழிவும் வெல்லமும் எடைக்கு எடை. பிளாஸ்டிக் டப்பா அல்லது மண்பானை போதும், இரும்பு வேண்டாம். வழிய வழிய நிரப்பாதீர்கள், புளிக்கும்போது வாயு கிளம்பும். 21 நாளுக்குக் குறையாமல் நிழலில் இருக்கட்டும். தேன்போல இறங்கிப் பழவாசனை வந்தால் சரி. அழுகல் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் வெல்லத்தில் கைவைத்துக் குறைத்திருப்பீர்கள்.

நான் சறுக்கியது அளவில். வீடியோவில் "ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி" என்றார்கள். எந்த மூடி? தண்ணீர் பாட்டில் மூடியா, எண்ணெய் கேன் மூடியா? நான் எடுத்தது கேன் மூடி. லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிக்குமேல் தேவையே இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. இளம் நாற்று என்றால் இன்னும் குறைத்தே தொடங்குங்கள்.

அடுத்தது நேரம். அந்த வீடியோக்காரரின் தோட்டம் தென்னை நிழலில் இருந்தது. நானோ அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், காலை 11 மணிக்குத் தெளித்தேன். மறுநாளே இலை ஓரம் கருகிவிட்டது. விடியற்காலையில் தெளியுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபிறகு. தண்ணீரையும் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தண்ணீரில் கலந்து இலைமேல் அடித்துவிட்டு அமிலத்தைக் குறைசொன்னால் எப்படி? மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதில் கலக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 40 செடிக்கும் ஒரே நாளில் தெளித்தேன். அதே வாரம் வேரில் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றினேன். மூன்றாம் நாள் நல்ல கோடை மழை. பத்து நாளில் புதுத் துளிர் பச்சைப்பசேல் என்று வந்தது. மீன் அமிலம் வேலை செய்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்துக் கொல்லைப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் செடிகளைக் காட்டினார். எதுவுமே ஊற்றாத செடிகள், அதே பச்சை. "மழைடா கண்ணு" என்றார். அமிலமா, புண்ணாக்கா, மழையா? 21 நாள் காத்திருந்து செய்தும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், நாலு செடியில் சிவப்புத் துணி கட்டி அவற்றைத் தொடாமல் விடுங்கள். அதே வரிசை, அதே வெயில், அதே தண்ணீர். மற்றவற்றுக்குத் தெளித்துவிட்டுப் பத்து நாள் வேறெதையும் மாற்றாமல் பாருங்கள். இலையோடு நிறுத்தாமல் பூவையும் எண்ணுங்கள், தழைச்சத்து கூடினால் இலை மதமதவென்று வளர்ந்து பூ குறையும். காய்ப்புழுவுக்கு இது மருந்தல்ல, அந்த எதிர்பார்ப்பு வேண்டாம்.

கருகலோ சுருட்டலோ நிற்கவில்லை என்றால் இலையைப் பறித்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். என்றைக்குத் தெளித்தீர்கள், எத்தனை மில்லி, எந்தத் தண்ணீர் என்று எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.